ஓடுகிற கணினியைப் பழசு என்று சொல்ல இவர்கள் யார்?

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் ஒரே கதை. கணினியை ஓட்டும் விண்டோஸ் 10ஐ விண்டோஸ் 11க்கு ஏத்துவதா, விடுவதா? சாப்பிடும்போதும் இதுதான், படுக்கப் போகும்போதும் இதுதான். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது. இந்தக் கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை. எங்கள் கணினிக்கு ஒரு நோயும் இல்லை. காலையில் பொத்தானை அமத்தினால் எழும்புகிறது, கடிதம் அடிக்கிறது, பிறிண்ட் எடுக்கிறது, மகளின் பாடம் ஓடுகிறது. விண்டோஸைச் செய்யும் மைக்ரோசொஃப்ட் கம்பனியில் யாரோ எங்கேயோ இருந்துகொண்டு ஒரு திகதியைக் குறித்தார்கள். 2025 ஒக்டோபர் 14. அன்றோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு, அதாவது இலவசமாக வரும் பாதுகாப்புத் திருத்தங்கள், முடிகிறது, உங்கள் கணினி 11ஐ ஏற்காது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த அறிவித்தல் வந்த விதத்தைச் சொன்னால்தான் என் கோபம் விளங்கும். போன புரட்டாசியில் ஒரு பின்னேரம். பக்கத்து ஒழுங்கை ஐயா ஒருவர் காணி விசயமாகப் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கக் கடிதம் அடிக்க வந்திருந்தார். கதிரையின் நுனியில் இருந்தபடி பழைய பெர்மிட்டைப் பொலித்தீன் பையோடு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இடப்பெயர்வு முழுக்கக் காவித் திரிந்த கடதாசி அது. மடிப்பு வழியே கிழிந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அதில் உள்ள இலக்கத்தை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல நான் அடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் கடிதம் மறைந்து திரை முழுக்க அந்த அறிவித்தல் வந்து நின்றது. ஐயா பதறிப்போனார். "என்ன பிள்ளை, எழுதினது போட்டுதோ?" என்று எழும்பிவிட்டார். போகவில்லை ஐயா, இருங்கோ என்று எத்தனை தரம் சொல்லியும் கடதாசியில் அச்சாகிக் கையில் கிடைக்கும் வரை அவர் திரும்ப இருக்கவில்லை. எல்லாவற்றையும் ஒருமுறை இழந்த மனிசருக்கு முன்னால் இப்படி வந்து மறிக்க யார் அனுமதி கொடுத்தது?

இந்தக் கணினியை நான் 2017 ஆடியில் வாங்கினேன். சீட்டு எடுத்த காசு. இன்டெல்லின் 7ஆம் தலைமுறை ஐ3 சிப், 8 ஜீபி ரம் (நினைவகம்). உரிமத்துக்கும் தனியாகக் காசு கட்டினேன், கள்ள விண்டோஸ் வேண்டாம் என்று சொல்லி. விற்ற தம்பி அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "இதுதான் அக்கா கடைசி விண்டோஸ். இனி மாத்துற வேலையே இல்லை." அவரில் பிழை இல்லை. 2015 மே மாதம் அந்தக் கம்பனியின் ஆளே ஒரு மாநாட்டு மேடையில் அப்படித்தான் சொன்னார். உலகம் முழுக்கச் செய்தியானது. கம்பனியும் அது அப்படி இல்லை என்று ஊரறியச் சொல்லித் திருத்தவில்லை. பிறகு 2021 ஒக்டோபர் 5ஆம் திகதி 11 வெளிவந்தது. இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையில் இருந்துதான் ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும் என்றார்கள். நான் வாங்கி நாலு வருசம். அதற்குள் என் பெட்டி படலைக்கு வெளியே.

பாதுகாப்புக்காக என்கிறார்கள். சரி, ஒரு கோடு கீறத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அந்தக் கம்பனி தானே செய்து விற்ற, 3,000 டொலருக்கு மேல் விலை போட்ட பெரிய கணினி ஒன்றுக்குள் இருந்த 7ஆம் தலைமுறைச் சிப்பை எப்படிப் பட்டியலில் சேர்த்தார்கள்? தங்கள் பொருள் என்றதும் கோடு வளைந்தது. சீட்டுக் காசில் வாங்கிய ஐ3க்கு வளையவில்லை. இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

"புதுசொன்று வாங்குங்கோ சித்தி" என்கிறான் கனடாவில் இருக்கும் பெறாமகன். அன்பில்தான் சொல்கிறான், அது எனக்குத் தெரியும். ஆனால் இங்கே நிலைமை என்ன? நான் வாங்கின காலத்தில் டொலர் 150 ரூபாவைச் சுற்றி நின்றது. பிறகு அது 300ஐத் தாண்டிவிட்டது. கிளிநொச்சி ரவுணில் விசாரித்தேன், சாதாரணப் பெட்டி ஒன்றுக்கே ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சொன்னார்கள். எங்களுக்கு மானாவாரி வயல். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று விலை வைத்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட 1,170 கிலோ நெல். உழவுக் கூலி, பசளை, மருந்து, வெட்டுக் கூலி ஒன்றும் கழிக்காமல். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியைத் தூக்கி எறிவதற்காக அவ்வளவு நெல்லை நான் விற்க வேண்டுமா? என் கணவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. எழும்பி வெளியே போய்விட்டார்.

அடுத்தது "பைபாஸ்" கூட்டம். இங்கே இரண்டு பெடியளைச் சந்தித்தால் ஒருவன் இதைத்தான் சொல்வான். பென் டிரைவில் ஒரு மென்பொருளால் 11ஐ எழுதி, சிப்பும் டிபிஎம்மும் சரியா என்று பார்க்கும் சோதனைகளை விலக்கிவிட்டுப் போடலாம் என்று. போடலாம்தான், பலர் போட்டும் இருக்கிறார்கள். ஆனால் பொருந்தாத கணினியில் போட்டால் அப்டேட் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை என்று கம்பனியே எழுதி வைத்திருக்கிறது. வருசத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பும் தானாக வந்து சேராது, ஒவ்வொரு முறையும் அதே பைபாஸ்தான். இறக்குவதற்கு 5 ஜீபிக்கு மேல் டேட்டா. எங்கள் ரவுட்டரில் நடுச்சாமத்துக்குப் பிறகு வரும் இரவு டேட்டாவில்தான் அதை இறக்க முடியும். அதற்கு முழிப்பிருப்பது நான். பெட்டி நடுவழியில் நின்றால் பதில் சொல்ல வேண்டியதும் நான்தான், அந்தப் பெடியள் இல்லை.

நடுவழியில் நின்ற கதை எனக்குத் தெரியும். நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று கேட்பவர்கள் இதை வாசியுங்கள்.

2022ஆம் ஆண்டு பங்குனி. நாடு முழுக்க கறண்ட் வெட்டு. குழுக் குழுவாகப் பிரித்து நேரம் போட்டார்கள், ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கறண்ட் இருக்கும் நேரத்துக்குள் சமைக்க வேண்டும், தண்ணி இறைக்க வேண்டும், பிள்ளையின் சூம் வகுப்பு பார்க்க வேண்டும். அப்படி ஒரு நாள் விண்டோஸ் தன்பாட்டில் அப்டேட்டைத் தொடங்கிவிட்டது. "அணைக்க வேண்டாம்" என்று திரையில் நிற்கிறது, வட்டம் சுத்துகிறது. 35 வீதம் காட்டுகிறது. மணியைப் பார்க்கிறேன், வெட்டுக்கு இன்னும் பத்து நிமிசம். 35லேயே நிற்கிறது. கறண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் பற்றரி முதலே செத்துப்போனது, புதுசு வாங்க அந்த நேரம் கடையிலும் இல்லை, கையிலும் இல்லை. கறண்ட் போனது. அறை இருட்டானது. திரும்ப வந்தபோது பெட்டி எழும்பவே இல்லை.

சிபியுவைப் பழைய சீலை ஒன்றால் சுத்தி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பரந்தன் வீதியால் ரவுணுக்குப் போனேன். ஒவ்வொரு குழிக்கும் வயிற்றோடு அணைத்துப் பிடித்தேன். ஒரு கடையில் கொடுத்தேன். மூன்றாம் நாள் எடுக்கப் போக, புது விண்டோஸ் பளபள என்று நின்றது. எங்கள் கோப்புகள் இருந்த டி டிரைவ் வெறுமையாக இருந்தது. "படம் எல்லாம் எடுத்து வைக்கேல்லையா அக்கா?" என்று கேட்கிறான். அழித்த பிறகு கேட்கிற கேள்வியா இது?

அந்த டி டிரைவில் என்ன இருந்தது தெரியுமா? 2009இல் போருக்குள் இருந்து நாங்கள் வெளியே வரும்போது எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. கலியாண அல்பம் இல்லை, அப்பாவின் படம் இல்லை, நான் பள்ளிக்கூடம் போன காலத்துப் படம் ஒன்றும் இல்லை. வன்னியில் பாதி வீடுகளில் இதே கதைதான். எங்கள் முகங்கள் வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களின் அல்பங்களில்தான் தப்பியிருந்தன. சுவிஸில் இருக்கும் பெரியம்மா தன்னிடம் இருந்ததை ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணி இரண்டு வருசமாக அனுப்பினா. அப்பா வயலுக்குள் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு நிற்கும் படம் ஒன்று. அது எல்லாம் போனது. பிழை என்னிலும்தான், வேறொரு இடத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டும். பெரியம்மா திரும்ப அனுப்பினா. வயதுபோன மனிசி, திரும்பவும் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணினா. ஆனால் இரண்டு படம் வரவே இல்லை. வீடு மாறும்போது எங்கேயோ தவறிவிட்டதாம். வயலுக்குள் நிற்கும் அப்பா அதில் ஒன்று.

இப்போது சொல்லுங்கள், "ஏத்துங்கோ, அரை மணித்தியால வேலை" என்று என்னிடம் யாரும் சொல்லலாமா?

பக்கத்து வீட்டு ரீச்சர் சொல்வது வேறு. ஒன்றும் செய்யாமல் விடுங்கோ, ஓடும்வரை ஓடட்டும் என்கிறா. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி விடவும் முடியாது, அதுதான் எரிச்சல். 2017 மே மாதம் வன்னக்ரை என்ற வைரஸ் உலகத்தையே ஆட்டியது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு காசு கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே முடங்கின. அப்டேட் போடாத கணினிகள்தான் அகப்பட்டன. மகளின் பென் டிரைவ் பள்ளிக்கூடம், ரியூசன், கொமினிகேசன் கடை என்று எல்லா இடமும் போய் வருகிறது. அது எதைக் கொண்டுவருகிறது என்று யாருக்குத் தெரியும்? அதே சம்பவத்தில் இன்னொன்றும் நடந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்திருந்தும், நிலைமை கைமீறியதும் எக்ஸ்பிக்கும் திருத்தம் வெளியிட்டார்கள். ஆக, மனம் வைத்தால் முடியும்.

10க்கும் முடிகிறதே. ஒரு வருசம் கூடுதல் பாதுகாப்பு அப்டேட், 2026 ஒக்டோபர் 13 வரை. 30 டொலர் கட்டலாம், அதாவது கிட்டத்தட்ட 9,000 ரூபா. இல்லையென்றால் கணினியின் அமைப்புகளை அவர்களின் இணையச் சேமிப்பில் ஒத்திசைத்தால் இலவசம். எப்படியென்றாலும் அவர்களின் கணக்கைத் திறந்து உள்ளே போக வேண்டும். எட்டு வருசம் என் வீட்டு மேசையில் ஒரு கணக்கும் இல்லாமல் ஓடிய பெட்டி இது! ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருப்பவர்களுக்கு அந்த ஒத்திசைப்புக் கட்டாயம்கூட இல்லாமல் இலவசமாகக் கொடுத்தார்கள், அங்கே நுகர்வோர் அமைப்புகள் சண்டை பிடித்ததால். எங்களுக்காகச் சண்டை பிடிக்க யார் இருக்கிறார்கள்? மகள் இந்த வருசம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுக்கிறாள், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் ஒரு பாடம். அவளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கணக்குத் திறந்து பதிந்தேன்.

அப்புறம்? ஒக்டோபர் 13க்குப் பிறகு?

அதற்குத்தான் போன கிழமை, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்டைப் பென் டிரைவில் போட்டுப் பார்த்தோம். கணினியில் ஒன்றையும் அழிக்காமல், பென் டிரைவில் இருந்தே ஓடவிட்டுப் பார்க்கலாம். இதை முன்பு யாரும் எனக்குச் சொல்லவில்லை. பைத்தன் என்ற நிரல்மொழி ஏற்கெனவே உள்ளே இருந்தது, மகளுக்குச் சந்தோசம். என் பயம் வேறு. பதினைந்து வருசமாக நான் கடிதம் அடிப்பது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் இந்தியாக்காரருக்கும் இது விளங்காது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கடிதத்தைத் திறந்தால் "அம்மா" என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்து நிற்கும். மின்டில் முதலில் அப்படித்தான் நின்றது, எனக்கு நெஞ்சு திக்கென்றது. மகள் எழுத்துருக் கோப்பை எடுத்துப் போட்டாள். மூடித் திறந்தோம். அம்மா, அம்மாவாக வந்தது. கலியாணக் காட் ஒன்றில் வரி இரண்டு கீழே தள்ளி நின்றது, பிறிண்டருக்குக் கொஞ்சம் மினக்கெட வேண்டியிருந்தது. அதை நான் திருத்திக்கொள்வேன். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தை எப்படித் திருத்துவது?

டித்வா புயல் மழைக்கு முற்றத்தில் தண்ணி ஏறியபோது நாங்கள் முதலில் தூக்கியது அரிசி மூட்டையை, அடுத்தது இந்தப் பெட்டியை. அலுமாரிக்கு மேல் ஏத்தி வைத்தோம். தண்ணி வடிந்து, கறண்ட் வந்து, இறக்கிப் போட்டதும் எழும்பியது. இதைப் பழசு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

240 ஜீபி எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று வாங்கியிருக்கிறேன். மின்ட் அதில் ஏறும். விண்டோஸ் இருக்கும் டிஸ்கின் வயரை அதற்கு முதல் நானே கழற்றி வைப்பேன். பெரியம்மா அனுப்பிய படங்கள் இரண்டு வெளி டிஸ்கில் ஏறியாயிற்று, ஒன்று ரீச்சர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. பெட்டி இனி ஒரு கடைக்கும் போகாது. மின்டை ஏத்தித் தர வருகிற தம்பி என் வீட்டுக்கு வந்து, என் மேசையில், நான் பக்கத்தில் இருக்கச் செய்யட்டும்.