மண்டபம் வேண்டாம், ஒரு மேசை போதும்

பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வுகளைப் பொதுமக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கட்டுரையாளர் சொல்வது சரி. ஆனால் குளிரூட்டிய மண்டபம், குத்துவிளக்கு, நீண்ட வரவேற்புரை என்றால் வருபவர்கள் ஏற்கெனவே விஞ்ஞானம் படித்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான்.

கொழும்புக் கடற்கரையில், காலிமுகத்திடலில் ஞாயிறு மாலை ஒரு மேசை போடுங்கள். ஒரு நுணுக்குக்காட்டி, பக்கத்தில் நுளம்புக் குடம்பிகள் நெளியும் கண்ணாடிக் கிண்ணம். கொழும்பில் டெங்குவைப் பற்றிக் கேள்விப்படாத வீடு உண்டா? ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பின் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பூச்சாடித் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது அதனால்தான். கண்ணால் பார்த்தவர் வீட்டுக்குப் போய்த் தேய்ப்பார். துண்டுப்பிரசுரம் வாங்கியவர் அதை இறால் வடைக்கு விரிப்பார்!

ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் பரடே 1860இல் லண்டனில் ஒரு மெழுகுதிரியை வைத்தே சிறுவர்களுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுத்தார். பெரிய செலவு தேவையில்லை.

அப்புறம், தமிழில் விளக்க ஒருவராவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழர் பலர் வாழும் கொட்டாஞ்சேனையிலிருந்து யார் பஸ் ஏறி வருவார்கள்? இதற்கெல்லாம் நேரம் செலவிடும் இளம் விரிவுரையாளருக்குப் பதவி உயர்வில் புள்ளி ஏதும் உண்டா? கட்டுரையாளர் அதையும் எழுதியிருக்கலாம்.