வாஸ்ப்-96பி-யில் கடல் இல்லை அண்ணே

அண்ணே, "ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வாஸ்ப்-96பி கிரகத்தில் கடலையே படம் பிடித்துவிட்டது, சிங்கப்பூர் அரசு வீட்டுக்கான பிடிஓ வரிசையை விட்டுவிட்டு அங்கே குடியேறலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிடிஓ ஜோக் சரி, ஆனால் கடல் விஷயம் தப்பு.

2022 ஜூலை 12 அன்று நாசா வெளியிட்டது கிரகத்தின் புகைப்படமே இல்லை, அது ஒரு நிறமாலை வரைபடம். கிரகம் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது அதன் காற்றுமண்டலத்தின் ஓரம் வழியாக வடிகட்டி வரும் ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துப் பார்த்தார்கள், சில இடங்களில் ஒளி கூடுதலாக உறிஞ்சப்பட்டிருந்தது, அது நீராவியின் அடையாளம், அவ்வளவுதான். வரைபடத்தின் பின்னணியில் அழகாக இருக்கிறதே நீல உருண்டை, அது ஓவியர் கைவண்ணம்.

அப்புறம், கடல் தேங்க அங்கே தரை வேண்டுமே! அது வியாழன் மாதிரி வாயுக்கோள், எடை வியாழனில் பாதிக்கும் குறைவு, ஆனால் அளவு அதைவிடப் பெரிது, சூட்டில் உப்பிப்போயிருக்கிறது. சூரியனிலிருந்து புதன் இருக்கும் தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்கில்தான் தன் விண்மீனைச் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்குச் சுமார் 3.4 நாள். வெப்பம் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல். நம் ஊர்ப் புழுக்கமே தேவலை.

யீஷூன் வட்டாரக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்திலிருந்து பார்க்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: கிரகத்தை விடுங்கள், சுமார் 1,150 ஒளியாண்டு தள்ளியிருக்கும் அந்த விண்மீனே வெறுங்கண்ணுக்குத் தெரியாது.