600 குதிரைக்குக் கொள்ளு யார் போடுவா?

அண்ணாச்சி, ரெண்டரைக் கோடி ரூவாய்க்கு வண்டி பாக்கப் போறீங்க. எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் வேணும், ரெண்டு டர்போ வேணும், நாலு செகண்டுல நூறைத் தொடணும், நம்ம திருநெல்வேலி சமாதானபுரத்துல ஸ்டார்ட் பண்ணா முருகன்குறிச்சி வரைக்கும் சத்தம் கேக்கணும். எல்லாம் சரி. கடைசியில சேல்ஸ் தம்பி காப்பியை நீட்டுதப்ப வருது பாருங்க அந்தக் கேள்வி: “தம்பி, லிட்டருக்கு எத்தனை குடுக்கும்?”

அவன் என்ன செய்வான், பாவம். வியாபாரம் கைய விட்டுப் போயிரக்கூடாதேன்னு “ஹைவேல பத்து, பன்னெண்டு குடுக்கும் அண்ணாச்சி”ன்னு அடிச்சு விடுதான். மூணு மாசம் கழிச்சு மீட்டர்ல 5.4 காட்டுது. உடனே சர்வீஸ் சென்டர்ல போய் நின்னுக்கிட்டு, “வண்டியில கோளாறு, கம்ப்யூட்டர் மாட்டிப் பாரு”ன்னு ஒரே ரகளை. கோளாறு வண்டியில இல்ல. ஆனை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுத கதைதான் இது.

உண்மை ஒண்ணும் ஒளிச்சு வைக்கல. மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜி 63-க்கு அமெரிக்க அரசாங்க அளவு கேலனுக்கு 14 மைல். வகுத்துப் பாத்தா லிட்டருக்கு 6 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழ. லம்போர்கினி உருஸ் முதல்ல வந்தப்ப அதுக்கும் அதே 14. பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எம்-க்கு ஐரோப்பிய அளவு 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் பக்கம்; அப்படின்னா லிட்டருக்கு 7.7. இதுல பன்னெண்டு எங்கன இருந்து வந்துச்சு?

சில பேரு யூடியூப்ல வெள்ளைக்காரன் சொன்னதைக் கேட்டுட்டு வந்து சண்டை போடுதாங்க. அதுலயும் ஒரு குழி இருக்கு. அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், இங்கிலாந்துக் கேலன் 4.546 லிட்டர். கேலனுக்கு 20 மைல்னு அமெரிக்கன் சொன்னா லிட்டருக்கு 8.5, அதையே இங்கிலாந்துக்காரன் சொன்னா 7.1. எந்த ஊர் ஆளு பேசுதான்னு பாக்காம கணக்குப் போட்டா, வண்டி வாங்குததுக்கு முன்னாடியே ஒன்றரை கிலோமீட்டர் போச்சு.

கம்பெனிக்காரன் விளம்பரத்துல போடுத நம்ம நாட்டு ஏஆர்ஏஐ சோதனை மைலேஜ் எண் மட்டும் என்ன வாழுது? சோதனைக்கூடத்துல உருளை மேல வண்டியை ஏத்தி, ஏசியை அணைச்சு, 1180 செகண்டு ஓட்டுதாங்க. அதிகபட்ச வேகமே 90. அக்னி நட்சத்திர வெயில்ல பாளையங்கோட்டையில ஏசி இல்லாம உருளை மேலயா ஓட்டப் போறீங்க? அந்த எண் ரெண்டு வண்டியை ஒப்பிட்டுப் பாக்க உதவும். உங்க பங்க் பில்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

இப்ப ஏன் இப்படிக் குடிக்குதுன்னு பாப்போம். யாருமே காது குடுத்துக் கேக்காத இடம் இதுதான்.

ரெண்டரை டன் ஜி 63, காத்து அடிக்காத சமதளத்துல 80 கிலோமீட்டர் வேகத்துல போகுது. தள்ளிக்கிட்டுப் போக எவ்வளவு சக்தி வேணும்? காத்துத் தடைக்கு 14 குதிரை, டயர் உருளுததுக்கு 10 குதிரை. மொத்தம் 25-ஐத் தாண்டாது. வண்டியில இருக்கது 585. மிச்ச 560 குதிரை லாயத்துல சும்மா தூங்குதுன்னு நினைக்கீங்களா? அதுக்கும் நீங்கதான் தீனி போடுதீங்க. பெட்ரோல் இன்ஜின்ல சக்தி கம்மியா வேணும்னா காத்து போற வழியை அடைச்சுத்தான் ஓட்டணும். மூக்கைப் பொத்திக்கிட்டு மூச்சு இழுக்கது மாதிரி எட்டு பிஸ்டனும் அந்த அடைப்பை எதுத்து இழுக்குது. அது போக எட்டு பிஸ்டன் உரசல், ஃபோர் வீல் டிரைவ் பல்சக்கரம் எல்லாம் அதது பங்கை எடுத்துக்கிடும். அந்த நிலையில இன்ஜின் நூத்துக்கு இருபது சதவீதத்தைத்தான் சக்கரத்துக்குக் குடுக்கும். கரண்ட் பில் கணக்குல சொன்னா ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 9 யூனிட். சக்கரத்துக்கு வந்து சேருதது 1.8 யூனிட். மேல சொன்ன 25 குதிரைக்கு ஒரு மணி நேரத்துக்கு 18 யூனிட் வேணும். 80 கிலோமீட்டருக்கு 10 லிட்டர். அப்ப லிட்டருக்கு 8. அதுவும் ஏசி இல்லாம, டோல்கேட் இல்லாம, மாடு குறுக்க வராம. நாலு சிலிண்டரை அணைச்சுட்டு மிச்ச நாலுல ஓட்டுத வசதி இருக்குன்னு பெருமையாச் சொல்லுதாங்களே, அது இந்த நட்டத்துல கொஞ்சத்தை மீக்கத்தான். முழுசா மீக்காது.

ஊருக்குள்ள கதையே வேற. டவுன் ஆர்ச்சுல இருந்து ஈரடுக்குப் பாலம், ஜங்ஷன், சுலோச்சன முதலியார் பாலம், வண்ணாரப்பேட்டை, முருகன்குறிச்சின்னு பாளை போறீங்க. ரெண்டரை டன்னை 50 வேகத்துக்கு ஏத்தி, முன்னாடி டவுன் பஸ் நின்னதுன்னு பிரேக்கை அமுக்கினா, ஒவ்வொரு தடவையும் 35 மில்லி பெட்ரோல் பிரேக் டிஸ்க்குல சூடாப் போகுது. பதினஞ்சு தடவை நின்னா அரை லிட்டர். ஏழு கிலோமீட்டர் ஓட்டத்துல அரை லிட்டர் நிக்கதுக்கு மட்டும்! இன்ஜின் ஆயில் சூடேறி முடிக்கதுக்குள்ள வீடு வந்துருது. இந்த ஓட்டத்துல லிட்டருக்கு 4 காட்டினா வண்டி நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம்.

அப்புறம் கோயில் வாசல்ல அல்வாவுக்கு வரிசையில நிக்கையில வண்டியை ஸ்டார்ட்ல போட்டு, உள்ள டிரைவர் தம்பியும் பிள்ளைகளும் ஏசியில இருக்காங்க. ஏசியோட சும்மா நிக்க வி8 மணிக்கு ரெண்டு லிட்டர் முன்னபின்ன குடிக்கும். அரை மணி நேரம் நின்னா நூறு ரூவா. மீட்டர்ல தூரம் கூடாம பெட்ரோல் மட்டும் கரைஞ்சா சராசரி எங்க போய் நிக்கும்? ஆனா திட்டு வாங்குதது மெக்கானிக்.

நாலுவழிச்சாலையில பன்னெண்டு எடுத்தேன்னு சொல்லுத மச்சான்மார்களுக்கு வருவோம். காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். அதை ஜெயிக்கத் தேவையான குதிரை மும்மடியில ஏறும். வேகம் ரெண்டு மடங்கானா தடை நாலு மடங்கு, குதிரை எட்டு மடங்கு. 80-ல 14 குதிரை கேட்ட காத்து 120-ல 47 குதிரை கேக்கும். 8 குடுத்த வண்டி 6-க்கு இறங்கும். போதாக்குறைக்கு சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர்னு டோல்கேட் தாண்டுததும் ஒரு முழு மிதி. நின்ன இடத்துல இருந்து நூறைத் தொட முக்கால் டம்ளர் பெட்ரோல். வாங்கினது அந்த மிதிக்குத்தான, மிதிங்க, வேண்டாங்கல. மிதிச்சுட்டு மைலேஜ் கேக்காதீங்க.

அதை விடப் பெரிய பித்தலாட்டம் ஆரல்வாய்மொழிக் காத்து. ஆனியிலயும் ஆடியிலயும் காவல்கிணறு தாண்டினா முப்பந்தல்ல அத்தனை காத்தாடியும் சுத்துது. மேக்க இருந்து கணவாய் வழியா வர்ற காத்து அது. நாகர்கோவில் போறப்ப 30 கிலோமீட்டர் வேகத்துல மூஞ்சியில அடிச்சா, நீங்க 80-ல போனாலும் வண்டி சந்திக்கது 110 காத்து. தடை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. திரும்பி வர்றப்ப அதே காத்து முதுகைத் தள்ளும். வண்டி பாக்கது 50 காத்துதான், தடை பாதிக்கும் கீழ. நம்ம ஆளு என்ன செய்யுதான்? நாகர்கோவில்ல டிரிப் மீட்டரைச் சுழியாக்கி, வள்ளியூர் வர்றப்ப போட்டோ எடுத்துக் குரூப்ல போடுதான். போறப்ப எவ்வளவு காட்டுச்சுன்னு கேட்டுப் பாருங்க. போனை வச்சிருவான்.

சரி, அளக்கதையாவது ஒழுங்கா அளக்கீங்களா? டேஷ்போர்டு எண்ணை நம்பாதீங்க, பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். டேங்க் நிரப்பி அளக்கணும். ஆனா பங்க்ல நடக்கது என்ன? நாசில் ‘டக்’னு தானா நின்னுரும். மீட்டர்ல 7,640. உடனே பையன், “சார், ரவுண்டா 8,000 போட்டுரட்டா?” நீங்களும் தலையை ஆட்டுதீங்க. அவன் விட்டு விட்டு அமுக்கி இன்னும் மூணு மூணரை லிட்டரைக் கழுத்து வரைக்கும் திணிக்கான். போன தடவை முதல் டக்கோட நிறுத்தி, இந்தத் தடவை திணிச்சா, 300 கிலோமீட்டருக்கு உள்ளபடி 50 லிட்டர் குடிச்ச வண்டி 53 குடிச்சதாக் காட்டும். 6 குடுத்தது 5.7 ஆயிரும். அடுத்த தடவை அதே தப்பு தலைகீழா வந்து 6.4 ஆகும், நீங்க பலகாரம் வாங்கிக் கொண்டாடுவீங்க. மைலேஜ் போனாலும் போகட்டும், திணிச்ச பெட்ரோல் ஆவி போற குழாய் வழியா, அந்த ஆவியைப் பிடிச்சு வைக்குத கரி டப்பாவுக்குள்ள இறங்கினா அந்த டப்பாவே வீணாப்போகும். ஒரே பங்க், ஒரே பம்பு, முதல் டக்கோட நிறுத்தம், மூணு டேங்க், மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால வகுக்கணும். ஒரு டேங்க் கணக்கை என்கிட்டக் கொண்டு வராதீங்க.

பெட்ரோல்லயும் ஒரு சங்கதி. எத்தனால்ல லிட்டருக்கு இருக்க சக்தி பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தா லிட்டருக்கு 7 சதவீதம் சக்தி குறையும். அது ஆக்டேனை ஏத்தும், மறுக்கல, சக்தியை ஏத்தாது. மூடிக்கு உள்பக்கம் எந்த ஆக்டேன் எண் எழுதியிருக்கோ அதைப் போடுங்க. அதுக்குக் கீழ போட்டா, இன்ஜின் தட்டுததைக் கவனிக்குத நாக் சென்சார் பொறி விழுற நேரத்தைத் தள்ளிப் போடும். சக்தியும் போச்சு, மைலேஜும் போச்சு. லிட்டருக்கு ஏழெட்டு ரூவா மிச்சம் பிடிக்கப் போய் ஆன கதி.

வைத்தியம் பாக்குத கூட்டம் தனி. பெட்ரோல் குழாயில காந்தம் கட்டுதாங்க. கட்டினா காந்தம் இருக்கும், வேற ஒண்ணும் நடக்காது. இறக்கத்துல நியூட்ரல் போடுதாங்க. கியர்ல வச்சு காலை எடுத்தா இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திரும்; நியூட்ரல் போட்டா இன்ஜின் தானா ஓடப் பெட்ரோல் குடிக்கும், பிரேக்கும் கூடச் சூடாகும். ஏர் ஃபில்டர் மாத்தினா மைலேஜ் கூடும்ங்கதும் கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இப்ப உள்ள இன்ஜின் உள்ள வர்ற காத்தை அளந்துதான் பெட்ரோல் விடுது. ஃபில்டர் அடைச்சா வண்டி மந்தமாகும், மைலேஜ் பெருசா மாறாது.

நிஜமாவே திடீர்னு ஆறுல இருந்து அஞ்சுக்கு விழுந்தா, அது பாக்க வேண்டிய விஷயம். முதல்ல டயர் காத்து, காலையில டயர் குளிர்ந்து இருக்கப்ப. எக்ஸ்5 எம்-ல பின்னாடி டயர் 315 அகலம். காத்து குறைஞ்சா ரோட்டோட ஒட்டிக்கிட்டே போகும். அடுத்து, பத்து கிலோமீட்டர் பிரேக் அதிகம் மிதிக்காம ஓட்டி நிறுத்தி நாலு வீல்கிட்டயும் கையைக் காட்டுங்க, தொட வேண்டாம். ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா பிரேக் பேடை அமுக்குத கேலிப்பர் விடாம பிடிச்சுக்கிட்டு நிக்கு. இன்ஜின் சூடு முள் எப்பவும் நடுவுக்குக் கீழயே கிடந்தா, சூடேறினாத்தான் இன்ஜின் தண்ணியை ரேடியேட்டருக்கு விடுத தெர்மோஸ்டாட் வால்வு திறந்தே மாட்டிக்கிட்டு இருக்கு. ஸ்கேனர் போட்டா லாங் டேர்ம் ஃபியூல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைச்சு விடுதுங்கத எண்ணைப் பாக்கச் சொல்லுங்க. 5 சதவீதத்துக்குள்ள இருந்தா கவலை இல்ல, 10-ஐத் தாண்டினா காத்து ஒழுக்கோ சென்சாரோ தேடணும்.

அப்ப டீசல் எடுக்கட்டான்னு கேப்பீங்க. மூணு லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல் நாலுவழியில நிதானமா ஓட்டினா பன்னெண்டைத் தொடும். சேல்ஸ் தம்பி சொன்ன எண் அதோடது! ஆனா வீட்டுக்கும் கடைக்கும் நாலு கிலோமீட்டர்னு தினம் ஓட்டுதவருக்கு டீசல் ஆகாது. சைலன்சர்ல உள்ள கரி வடிகட்டி எரிஞ்சு சுத்தமாக நல்ல சூடோட நீண்ட ஓட்டம் வேணும். ஊருக்குள்ளயே சுத்தினா அடைச்சு லைட் எரியும். கரண்ட்ல சார்ஜும் போட்டு, பெட்ரோலும் ஊத்தி ஓட்டுத பிளக்-இன் ஹைபிரிட்ல லிட்டருக்கு அறுபதுன்னு போட்டிருப்பாங்க, பேட்டரி சார்ஜோட சோதனையை ஆரம்பிச்சதால வந்த எண் அது. சார்ஜ் போடாம ஓட்டினா, கூடுதலா பேட்டரி பாரத்தையும் சேத்துச் சுமக்கத வி8-தான் அதுவும்.

கேக்க வேண்டியது லிட்டருக்கு எத்தனைன்னு இல்ல, மாசம் எத்தனை லிட்டர்னு. மாசம் ஆயிரம் கிலோமீட்டர், லிட்டருக்கு 6-னா 167 லிட்டர். நூறு ரூவாய்க்குக் கொஞ்சம் மேல விலை வச்சா 17,000. தலைகீழா நின்னு 7 ஆக்கினா 143 லிட்டர். மிச்சம் ரெண்டாயிரத்து ஐந்நூறு கூட இல்ல. நாலு டயர் மாத்தினா ஒன்றரை லட்சத்தைத் தாண்டுத வண்டிக்கு, அந்த ரெண்டாயிரத்துக்காக மெக்கானிக் சட்டையைப் பிடிக்கீங்க.

இன்னொண்ணு, டேங்க் 83 லிட்டர்னா ஒரே மூச்சுல சென்னைன்னு கனவு காணாதீங்க. விழுப்புரம் பக்கத்துலயே லைட் எரிஞ்சிரும். திருச்சியில நிறுத்தி நிரப்பிக்கிடுங்க. ரவுண்டா வேண்டாம்னு மட்டும் பையன்கிட்ட முதல்லயே சொல்லிருங்க.