மாட்டுக்கறியில் நாட்டுச்சர்க்கரை

கறியில் இனிப்புச் சேர்க்கக் கூடாது என்ற எண்ணம் நம் கொங்கு நாட்டுச் சமையலறைகளில் உறுதியாக நிற்கிறது. சின்ன வெங்காயத்தையும் தேங்காய்ச் சில்லையும் தாராளமாகப் போட்டுப் பள்ளிபாளையம் வறுவல் செய்கிற நாம் இப்படிச் சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. அந்த வறுவலில் மிளகாயின் காரத்தைத் தாங்கி நிற்பதே அவ்விரண்டும் தரும் இனிப்புதான். அமெரிக்க வீடுகளில் பழுப்புச் சர்க்கரையும் சோயா சாஸும் சேர்த்து குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கரில் செய்யும் மாட்டுக்கறி ரோஸ்ட்டை, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையைக் கொண்டு நாமும் செய்யலாம். அது அசலைவிடச் சிறப்பாகவே வரும்.

ஆனால் அவர்கள் சொல்லும் நேரக்கணக்கை அப்படியே நம்பிவிட முடியாது. அங்கே கடைக்கு வருவது இறைச்சிக்கென்றே வளர்க்கப்பட்ட, பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டிய மாடு. தமிழ்நாட்டிலோ, 1958-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாடுகளே பொதுவாக அறுப்புக்கு வர வேண்டும். வயதேறிய உடலில் தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் என்ற புரதம் இறுகிப்போயிருக்கும். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஈர வெப்பத்தில் மணிக்கணக்காகக் கிடந்தால்தான் அது ஜெலட்டினாக இளகும். ஆகவே அவர்கள் 8 மணி நேரம் என்றால் நாம் 10 மணி நேரம் வைக்கத் தயாராக இருக்க வேண்டும். பிரஷர் குக்கர் 120 டிகிரி அளவில் இதை விரைவாக முடிக்கும் என்பது உண்மைதான். எனினும் கெட்டியான இனிப்புச் சாறு அதில் எளிதில் அடிப்பிடிக்கும், கறித்துண்டும் உருக்குலைந்துவிடும்.

முன்சப்பையில் ஒரு கிலோ கறியைத் துண்டு போடாமல் கட்டியாகவே வாங்குங்கள். ஸ்லோ குக்கரின் உள்ளே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து வறுவல் மணம் பெறுவதற்கோ ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். இதனால்தான் முதலில் இரும்புச் சட்டியில் எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்தெடுக்கச் சொல்கிறேன். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் கிடைப்பது வெறும் வேகவைத்த கறிதான். உருளைக்கிழங்கு கறியைவிடத் தாமதமாக வேகும் என்பதால் அது அடியில் இருக்கட்டும். அதன்மேல் கறி, உரித்த சின்ன வெங்காயம், பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி நாட்டுச்சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி சோயா சாஸ், நெல்லிக்காய் அளவுப் புளியின் கரைசல். புளிப்பு இல்லாத இனிப்பு திகட்டும். சோயா சாஸிலேயே உப்பு இருப்பதால் தனி உப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நீர் வெளியேறாத பாத்திரம் ஆதலால் அரை டம்ளருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். குறைந்த சூட்டில் வைத்தபின், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் மூடியைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வேகும் நேரம் ஏறத்தாழ அரை மணி நீளும்.

கரண்டியால் தொட்டதும் கறி நார்நாராகப் பிரிந்தால் வெளியே எடுத்துவிட்டு, சாற்றை மட்டும் அடுப்பில் சுண்டவைத்து, புதிதாக இடித்த மிளகைக் கடைசியாகத் தூவி, கறியின்மேல் ஊற்றுங்கள். முதல் முறை சூடான ராகிக்களியோடு சாப்பிட்டுப் பாருங்கள் என்பது என் பரிந்துரை.