பைண்டிங்கை கையால எழுதாதீங்க

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்கு போன். கடலூர் முதுநகர்ல மீன் வைக்கிற குளிர் அறை ஒண்ணுக்கு டெம்பரேச்சர் பாக்குற புரோகிராம் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன், மைனஸ் 18 இருக்க வேண்டிய எடத்துல 3.6 காட்டுதுண்ணே, மீனெல்லாம் போச்சுன்னு அங்க இருக்குற பையன் அழாத குறையா சொல்றான். திருப்பாப்புலியூர்லேந்து பைக்கை முறுக்கிக்கிட்டு ஓடினேன். கதவைத் தொறந்து உள்ள போனா விரலு வெறைக்குது, மீனு கல்லு மாதிரி கெடக்கு. ரூம்ல ஒரு கோளாறும் இல்ல, தப்பு என் கோடுல.

சென்சார்கூட பேசுற லைப்ரரி சி-ல இருக்கு, அதை பைத்தான்லேந்து சிடைப்ஸ்னு பைத்தான்லயே வர்ற மாடியூல் வச்சு கூப்பிடுறேன். இப்படி ரெண்டு மொழியை இணைக்கிற கோடுதான் பைண்டிங். சென்சார் தகவலை மெமரில வரிசையா அடுக்கி வைக்கிற ஸ்ட்ரக்ட்ல முதல்ல ஐடி, அடுத்தது டெம்பரேச்சர்னு, லைப்ரரில என்னென்ன இருக்குன்னு சொல்ற ஹெடர் ஃபைலைப் பாத்துப் பாத்து நானே பைத்தான்ல திரும்ப டைப் அடிச்சு வச்சிருந்தேன். அன்னைக்கு சாயந்திரம்தான் லைப்ரரியோட புது வெர்ஷனைப் போட்டுட்டு வந்தேன், அதுல அந்த ரெண்டுக்கும் நடுவுல பேட்டரி வோல்டேஜ்னு ஒரு ஃப்ளோட்டை (நாலு பைட் தசம எண்) சொருகியிருக்காங்க. பைத்தானுக்கு அது எப்படித் தெரியும்? பழைய எடத்துல இருந்த நாலு பைட்டை எடுத்து இதான் டெம்பரேச்சர்னு காட்டிடுச்சு. 3.6 வோல்ட்! எர்ரர் இல்ல, க்ராஷ் இல்ல, பாக்க நிஜம் மாதிரியே ஒரு நம்பர், அதான் பயமா இருக்கு. இதே சிடைப்ஸ்ல ரிட்டர்ன் டைப் சொல்லாம விட்டா இன்ட்னு எடுத்துக்கும், 64 பிட் மெஷின்ல பாயிண்டர், அதாவது மெமரி முகவரி, பாதி வெட்டுப்பட்டுப் போயிடும்.

ஹெடர்ல இருக்குறதையே ரெண்டாவது எடத்துல நாம எதுக்கு எழுதணும்? 1995-லயே லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துல டேவிட் பீஸ்லி ஸ்விக்னு பைண்டிங்கைத் தானா எழுதித் தர்ற டூலை ஆரம்பிச்சிட்டார், சி-ல இருந்த இயற்பியல் சிமுலேஷனை ஸ்கிரிப்ட்லேந்து ஓட்டுறதுக்காக. ஹெடரைக் காட்டினா அது நடுவுல நிக்கிற சி கோடை எழுதித் தருது, அந்தக் கோடு நிஜ ஹெடரோடயே கம்பைல் ஆகுறதால எந்த ஃபீல்டு எங்க இருக்குன்னு கம்பைலரே கணக்கு போட்டுக்கும். ஃபீல்டு தள்ளிப் போனா திரும்ப பில்டு பண்ணா போதும், ஃபீல்டையே தூக்கிட்டாங்கன்னா பைத்தான்ல அதைப் படிக்கிற எடத்துல எர்ரர் வந்து நின்னுடும். பைத்தானுக்கு இருக்குற இன்னொரு பைண்டிங் டூல் சிஎஃப்எஃப்ஐ-லயும் கம்பைலரை வச்சு செய்யுற வழி இருக்கு.

ஆனா ஹெடரை உள்ள தள்ளிட்டா வேலை முடிஞ்சுதுன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகல. சென்சார் பேரைக் கேட்டா சார் ஸ்டார் (எழுத்துகள் இருக்குற மெமரிக்கு பாயிண்டர்) தர்ற ஒரு ஃபங்ஷன் இருக்கு, அந்த மெமரியை யார் ஃப்ரீ பண்றது, அதாவது திருப்பி விடுறது, நானா லைப்ரரியா? ஹெடர்ல ஒரு வார்த்தை இல்ல. நான் பண்ணணும்னா ஸ்விக்குக்கு நாம எழுதிக் குடுக்குற இன்டர்ஃபேஸ் ஃபைல்ல நியூஆப்ஜெக்ட்னு எழுதணும், எழுதலன்னா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா மெமரி லீக் ஆகும், தேவையில்லாம எழுதினா லைப்ரரி வச்சிருக்குற மெமரியையே ஃப்ரீ பண்ணிடும். இன்ட் ஸ்டாரும் (முழு எண்ணுக்கான பாயிண்டர்) அப்படித்தான், அது அர்ரேயா, இல்ல ரிசல்ட்டை போட்டுத் தர்ற எடமா? அவுட்புட்னு நாம சொல்லிக் குடுத்தாதான் பைத்தான்ல நேரா நம்பரா வரும். இதை மிஷின் யூகிக்க முடியாது, டாக்குமெண்ட்டைப் படிச்சு மனுஷன்தான் சொல்லணும், டைப் அடிக்கிற நேரம் மிச்சமாச்சுல்ல, அதை இங்க போடுங்க. லைப்ரரி எழுதுறவங்களும் ஃபங்ஷனுக்கு மேல யார் ஃப்ரீ பண்ணணும்னு ஒரு வரி கமெண்ட் போட்டுடுங்க, கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்.

அந்தக் குளிர் அறை புரோகிராமை முழுசா ஸ்விக்குக்கு மாத்திட்டேன். ரெண்டு ஃபங்ஷனுக்கு மட்டும் மெமரி யாரோடதுன்னு இன்னும் தெரியல, சோர்ஸும் கைல இல்ல, எழுதினவங்களுக்கு மெயில் போட்டிருக்கேன், பதில் வர்ற வரைக்கும் ரெண்டையும் பைத்தான்லேந்து கூப்பிட முடியாதபடி ஸ்விக்கோட இக்னோர்ல போட்டு வச்சிருக்கேன்.