ஈபிஏநெட் தானா லீக் கண்டுபிடிக்காதுங்க
"தர்மபுரி ஒகேனக்கல் தண்ணி லைனை ஈபிஏநெட்ல போட்டா போதும், லீக் எங்கன்னு அதுவே காட்டிடும்"னு சிலர் சொல்றாங்க, அது தப்புங்க. ஈபிஏநெட் (EPANET) தண்ணி பைப் லைனை கம்ப்யூட்டர்ல மாடலா போட்டு கணக்கு பாக்கற, 1993ல வந்த இலவச சாஃப்ட்வேர், ரொம்ப நல்லது தான், ஆனா நாம குடுக்கற பைப் நீளம், விட்டம், மேடு பள்ளம், எவ்ளோ தண்ணி எடுக்கறாங்கங்கற கணக்கை வச்சு தான் பிரஷரும் ஃப்ளோவும் சொல்லும். துரு ஏறின பழைய இரும்பு பைப்புக்கும் புதுசுக்கு போடற 130ஐயே சி வேல்யூவா (பைப் உள்பக்கம் எவ்ளோ வழவழப்புன்னு சொல்ற எண்) போட்டா கடைசி தெருவுலயும் பிரஷர் நல்லா இருக்கற மாதிரி காட்டும், அங்க குழாயடில குடம் காலியா தான் இருக்கும். சாதாரண செட்டிங்ல பிரஷர் மைனஸ்ல போனாலும் ஒரு வார்னிங் மட்டும் குடுத்துட்டு, கேட்ட தண்ணி முழுசா போச்சுன்னு தான் கணக்கு போடும். ஸ்பாட்ல பிரஷர் கேஜ் வச்சு அளந்து, மாடல் சொல்றது எங்க ஒத்துப்போகலயோ அங்க தான் லீக்கோ மூடிக்கிடக்கற வால்வோன்னு தேடணும்.