‘வரும்’ என்றால் எத்தனை மணிக்கு?

“வரும் மேடம்.”

சனிக்கிழமை காலையிலிருந்து இந்த ஒரு சொல்தான் காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குச் சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? கேட்டது இவ்வளவுதான். இதற்கு விடை ஒரு நேரம். ஐந்தரை, ஆறே முக்கால், ஏழு பத்து, எதையாவது சொல்லுங்கள். ‘வரும்’ என்பது நேரம் இல்லை.

அம்மாவுக்கு 71 வயது. பேப்பரில் பூநாரைக் கூட்டத்தின் படத்தைப் பார்த்ததிலிருந்து, “ஒரு தடவ நேர்ல பாத்துடணும்டி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். டாக்ஸி வைத்துப் போக எனக்கு வசதி இல்லை, அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை. ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. அவற்றின் நேரம் தெரிந்தால் போதும்.

சரி, விசாரணை எண் என்று போட்டிருந்த ஒன்றைக் கூப்பிட்டேன். முதல் தடவை முழுதாக மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவை, பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது தடவை எடுத்தார்கள். எடுத்து, மேசை மேல் வைத்துவிட்டார்கள். ஃபேன் சத்தம் கேட்கிறது. டம்ளர் வைக்கும் சத்தம் கேட்கிறது. யாரோ யாரிடமோ லீவு பற்றிப் பேசுகிறார்கள். “ஹலோ சார், ஹலோ சார்” என்று நான் இந்தப் பக்கம் கத்துகிறேன். நான்கு நிமிடம் ஓடியது, அப்புறம் கட்.

நான்காவது தடவை ஒருவர் பேசினார். அந்த உரையாடலை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

“பழவேற்காட்டுலேர்ந்து பொன்னேரிக்குக் கடைசி பஸ் எத்தன மணிக்கு சார்?”

“எங்க போணும்?”

“பொன்னேரிக்கு.”

“பொன்னேரிக்கு நெறைய வண்டி இருக்கும்மா.”

“பழவேற்காட்டுலேர்ந்து சார்.”

“அங்கேர்ந்தும் இருக்கு.”

“கடைசி வண்டி எப்ப?”

“வரும்.”

“எத்தன மணிக்கு வரும்?”

“சாயங்காலம் வரும்.”

“அஞ்சு மணிக்கா, ஏழு மணிக்கா சார்?”

“ஞாயித்துக்கெழமன்னா கொஞ்சம் முன்னப்பின்ன வரும்.”

“முன்னன்னா எவ்ளோ முன்ன, பின்னன்னா எவ்ளோ பின்ன?”

“நீங்க ஸ்டாப்புல போய் நில்லுங்க மேடம். வரும்.”

வைத்துவிட்டார்.

எனக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. அந்த வண்டிக்கு ஒரு டிரைவர் இருக்கிறார், ஒரு கண்டக்டர் இருக்கிறார். அவர்களுக்கு டூட்டி நேரம் என்று ஒன்று எழுதியிருக்கிறது. நேரம் எழுதாமல் டூட்டி போட முடியுமா? காலையில் எடுக்கும் வண்டியை ராத்திரி எப்போது டிப்போவில் விடவேண்டும் என்று யாரோ ஒருவர் பேனாவால் எழுதியிருக்கிறார். அந்தத் தாள் ஏதோ ஒரு மேசை டிராயரில் கிடக்கிறது. அதில் உள்ள ஒரே ஒரு வரியை, அந்த வண்டியில் ஏறப்போகிறவருக்குச் சொல்லக்கூடாதா? அது என்ன ராணுவ ரகசியமா? ஸ்டாப்பில் ஒரு தகரத்தில் பெயின்ட் அடித்து எழுதி வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நேரம் முன்னே பின்னே ஆகும் என்றால் ஆகட்டும். டிராபிக் இருக்கிறது, மழை இருக்கிறது, தெரியும். எந்த நேரத்திலிருந்து முன்னே பின்னே என்பதையாவது சொல்லவேண்டாமா?

அதே பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவேதான் ஶ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 பிற்பகல் 2.35க்குக் கிளம்பும் என்றார்கள், கிளம்பியது. என் பையன் ஸ்கூலில் உட்கார்ந்து பார்த்தான். நிலவுக்குப் போகிற வண்டியின் நேரம் எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரிகிறது. இந்தக் கரையிலிருந்து பொன்னேரிக்குப் போகிற வண்டியின் நேரம் எவருக்கும் தெரியாது. இருபது கிலோமீட்டர்கூட இல்லை அது!

சொந்தக்காரர்களைக் கேட்டேன். எல்லோரும் ஒரே பதில். “அங்க போய்க் கேட்டுக்கலாம், விடு.” அங்கே போய்க் கேட்பதற்குப் பெயர் திட்டமிடுவதா? முட்டி வலியோடு ஒரு வயதானவரைக் கூட்டிக்கொண்டு போகிறவள் அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா, கடைசி வண்டி போய்விட்டது என்று?

நெட்டில் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அங்கே இன்னும் கொடுமை. எல்லாம் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது. ஆளுக்கொரு பூநாரைப் படம் போட்டு, வருடம் முழுக்க வரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். பூநாரைகள் கூட்டமாக இருப்பது ஏறக்குறைய நவம்பரிலிருந்து மார்ச் வரை. மே மாதம் வெயிலில் குழந்தைகளோடு போய் நிற்கிறவனுக்கு இதை எழுதியவன் பதில் சொல்வானா? ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பக்கம் இருக்கிறது. பறவைகளைக் கொஞ்சம் பக்கத்தில் பார்க்கவேண்டும் என்றால் சூளூர்பேட்டையிலிருந்து ஶ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் சாலைப் பக்கம் போகவேண்டும். பழவேற்காட்டுக் கரையிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் தூரத்தில்தான் தெரியும். இந்த ஒரு வரி எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் பக்கத்து வீட்டு அண்ணனிடம் பைனாகுலராவது கேட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

இதையாவது மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. ஒரு பயண இணையதளம், குடும்பத்தோடு படகுச் சவாரி செய்து மகிழுங்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. முகத்துவாரம் வரை போகலாமாம், பேரம் பேசினால் குறையுமாம்.

2011 டிசம்பர் 25 ஞாபகம் இருக்கிறதா? கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டுக்குக் குடும்பமாகப் போனவர்கள். படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். சாயங்காலம் டிவியில் அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை. அதற்கு அப்புறம்தான் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். அந்தத் தளத்தில் இதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஒரு பக்கத்தை எழுதுகிறவனுக்கு, அந்த ஊர்ப் பெயரைத் தட்டித் தேட இரண்டு நிமிடம் இல்லையா? அதை நம்பி ஒரு குடும்பம் போய்ப் படகில் ஏறினால்?

ஏற்ற ஆள் இருக்கிறார் என்பதுதான் பயமே. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கரையில் இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒருவர் வந்து, “அக்கா, போட்ல ஒரு ரவுண்டு போலாமா? அம்மாவ நான் கையப் புடிச்சு ஏத்தறேன்” என்றார். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன். “ஏரி ஆழமே இல்லக்கா, இடுப்பளவுதான்” என்றார். ஏரி பெரும்பாலும் ஆழம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் முகத்துவாரத்தில் கடல் உள்ளே வருகிறது, வெளியே போகிறது. அங்கே இடுப்பளவுக் கணக்கு செல்லாது. அந்த மனிதரிடம் நான் போட்ட சத்தத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பிழைப்பு என்று சொல்வார்கள். பிழைப்புக்கு நான் எதிரி இல்லை. அந்த ஊரில் ஏரியை நம்பி எத்தனை குடும்பம் என்று எனக்கும் தெரியும். ஜாக்கெட் இல்லாமல் என் அம்மாவைத் தண்ணீரில் ஏற்றுவது பிழைப்பு இல்லை.

கழிப்பறை. இதை எந்தப் பயணக் கட்டுரையும் எழுதாது, ஏனென்றால் எழுதுகிறவர்கள் ஆண்கள். பெண்கள் ஒரு நாள் வெளியூர் போகிறோம் என்றால் முந்தின ராத்திரியே தண்ணீரைக் குறைத்துவிடுவோம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இதுதான் பயணத் திட்டத்தின் முதல் வரி. அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. அவர் தண்ணீர் குடிக்காமல் இருக்கக்கூடாது, குடித்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகவேண்டும். கோட்டை எந்த வருடம் கட்டினார்கள் என்று எல்லாத் தளத்திலும் இருக்கிறது, 1613. பெண்கள் கழிப்பறை எங்கே என்று ஒன்றிலும் இல்லை. கடைசியில் ஒரு டீக்கடைக்கார அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. “அம்மா மாதிரி இருக்காங்க, இதுக்குப் போய்க் காசா?” என்றார். அவர் நன்றாக இருக்கவேண்டும். ஆனால் அவர் அன்றைக்குக் கடையைத் திறக்காமல் இருந்திருந்தால்?

கோட்டை என்றேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை. சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமை இடமாக இருந்தது. “பிரம்மாண்டமான கோட்டையைக் கண்டு களியுங்கள்” என்று எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மேடும் முள்ளும்தான். அம்மா, “கோட்ட எங்கடி?” என்றார். இதுதாம்மா கோட்டை என்றேன். டச்சுக் கல்லறைத் தோட்டம் உண்மையிலேயே அழகு. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அம்மா அரை மணி நேரம் அங்கேயே நின்றார். எது நன்றாக இருக்கிறது, எது இடிந்துபோயிருக்கிறது என்று நேர்மையாக எழுதினால் யார் வராமல் போகப்போகிறார்கள்?

பூநாரையைப் பார்த்தோம். தூரத்தில், நீரும் வானமும் ஒட்டும் இடத்தில், ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான். அம்மா கையை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோடு ஒரு தடவை எழும்பி மறுபடியும் உட்கார்ந்தது. “பறந்துச்சு பாத்தியா” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இந்த ஒரு நிமிடத்துக்குத்தான் இவ்வளவு பாடும்.

நாலரைக்கே ஸ்டாப்பில் வந்து நின்றுவிட்டோம். நேரம் தெரியாதே, வேறு என்ன செய்வது? வெளிச்சம் இருந்தது, இன்னும் ஒரு மணி நேரம் கரையில் உட்கார்ந்திருக்கலாம். சாயங்கால வெயிலில் பறவைகள் இன்னும் நன்றாகத் தெரியும் என்று கடைக்காரர் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தை என் அம்மாவிடமிருந்து பிடுங்கியது அந்த ‘வரும்’தான். உட்காரத் திண்ணைகூட இல்லாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஐந்து மணி. ஐந்தே கால். பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற பாட்டியிடம் கேட்டேன். “வரும்மா” என்றார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவருக்கும் யாரும் நேரம் சொன்னதில்லை. வாழ்நாள் முழுக்க அந்த ஸ்டாப்பில் நின்றிருக்கிறார். நான் ஒரு நாள் நின்றதற்கே இப்படிக் கொதிக்கிறேன்.

ஐந்து ஐம்பதுக்கு வந்தது. நிற்கக்கூட இடமில்லை. ஒரு காலேஜ் பெண் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தாள்.

பொன்னேரியில் ரயில். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை, வண்டி குறைவு, பிளாட்பாரத்தில் இன்னொரு முக்கால் மணி நேரம். ஆனால் அங்கே நேரம் எழுதியிருந்தது! எத்தனை நிமிடம் உட்காரவேண்டும் என்று தெரிந்து உட்கார்ந்தோம். புளிசாதத்தின் மிச்சத்தைச் சாப்பிட்டோம். தெரிந்து காத்திருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை.

ஏறி உட்கார்ந்தோம், ஜன்னலோரம் கிடைத்தது, அம்மா கண்ணை மூடினார். மீஞ்சூரில் எதிர் சீட்டில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்து போனை எடுத்தான். முழுச் சத்தம். ஏதோ ஒரு காமெடித் துண்டு, பத்து விநாடி, கடைசியில் ஒரு கும்பல் சிரிக்கும். முடிந்ததும் மறுபடியும் அதே துண்டு, மறுபடியும் அதே சிரிப்பு. அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர். “கொஞ்சம் சத்தத்தக் கொறைங்க தம்பி, வயசானவங்க தூங்கறாங்க” என்றேன். ஒரு கோடு குறைத்தான். ஒரே ஒரு கோடு! நூறு ரூபாய்க்கு இயர்போன் கிடைக்கிறது, பிளாட்பாரத்திலேயே விற்கிறார்கள். பெட்டியில் அறுபது பேர் இருக்கிறோம், அறுபது பேரும் எதற்காக அந்தச் சிரிப்பைக் கேட்கவேண்டும்? பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் வழக்கம்போல் சிக்னலில் வண்டி நின்றது. ஃபேன் நின்றது. அம்மா முழித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு மட்டும் நிற்கவே இல்லை.